ஜாவா கோடிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல்லும் ஸ்வாகரும் எடுக்கும்போது படுத்தும் பாடு: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

எங்கள் குழுவில் யாருக்காவது டபிள்யூஎஸ்டிஎல் (ஒரு வெப் சர்வீஸை எப்படி அழைப்பது என்று சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பு) சரியாக வரவில்லை என்றால் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். நான் பெரிய கில்லாடி என்பதற்காக இல்லை, எக்ஸ்எம்எல்லில் பேசும் பழைய சோப் சர்வீஸ்களைத் தொட வேறு யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஒரே கேள்விக்கு ஏழாவது தடவை பதில் சொன்ன அன்றைக்கு, சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஜேசானில் பேசும் ரெஸ்ட் சர்வீஸ்களுக்கு அதே மாதிரி ஆவணம் தரும் ஸ்வாகரும் பின்னால் வருகிறது. உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் மூன்று வேலை. ஒன்று, மேவனில் (ஜாவா புராஜெக்டை பில்ட் செய்யும் கருவி) கிளீன் செய்து புதிதாக பில்ட் எடுங்கள். ஜாவா கிளாஸிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல் எடுக்கும் டபிள்யூஎஸ்ஜென் மாதிரியான கருவிகள் நீங்கள் எழுதிய கோடைப் படிப்பதில்லை, கம்பைல் ஆன கிளாஸ் கோப்பைத்தான் படிக்கின்றன; நேற்றைய கிளாஸ் கிடந்தால் நேற்றைய டபிள்யூஎஸ்டிஎல்தான் வரும். இரண்டு, ஜாவா வெர்ஷனை டெர்மினலில் மட்டும் பார்க்காமல் மேவனின் வெர்ஷன் கட்டளையிலும் பாருங்கள், மேவன் வேறு ஜாவாவைப் பிடித்துக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். மூன்று, வந்த கோப்பை பிரவுசரில் பார்க்காதீர்கள். கர்ல் என்ற டெர்மினல் கட்டளையில் இழுத்து, டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, கண்ணால் பாருங்கள். பிரவுசர் பழைய பிரதியை எடுத்துக் காட்டியதை நம்பி நான் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

அறிகுறி: டபிள்யூஎஸ்ஜென் என்ற கட்டளையே இல்லை என்கிறது, அல்லது ஜேடபிள்யூஎஸ் பேக்கேஜ் இல்லை என்று கம்பைல் நிற்கிறது

முதலில் ஜாவா வெர்ஷன். ஜாவா 6 முதல் 8 வரை டபிள்யூஎஸ்ஜென், அதன் தலைகீழ் வேலையைச் செய்யும் டபிள்யூஎஸ்இம்போர்ட் இரண்டும் ஜேடிகே என்ற ஜாவா தொகுப்போடு சேர்ந்தே வந்தன. 9-இல் "இதை எடுக்கப்போகிறோம்" என்று முத்திரை குத்தினார்கள், 2018-இல் வந்த 11-இல் எடுத்தே விட்டார்கள். ஆகவே 11-ஓ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் மெஷினில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை; கருவியைத் தனியாகக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

சுலபமான வழி, மேவன் கோப்பில் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (ஜாவாவில் சோப் சர்வீஸ் எழுதும் முறை) பிளகினைச் சேர்ப்பது. அதற்குள்ளேயே கருவியும் வந்துவிடும். அவசரத்துக்கு அந்த ஒரு படியை மட்டும் ஜாவா 8-இல் ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு நாளைக்குச் சரி, இரண்டு வருஷத்துக்கு இல்லை.

பிளகின் சேர்த்த பிறகும், வெப்சர்வீஸ் அனோட்டேஷன் (கோடில் @ போட்டு எழுதும் குறிப்பு) கண்ணெதிரே இருக்கும்போதே "இந்த கிளாஸில் அந்த அனோட்டேஷன் இல்லை" என்று அது சொன்னால், இம்போர்ட் வரியைப் பாருங்கள். ஜாவாக்ஸ் என்று தொடங்குகிறதா, ஜகார்த்தா என்று தொடங்குகிறதா? முன்னது பழைய பேக்கேஜ் பெயர், பின்னது அதற்குப் பதிலாக வந்த புதுப் பெயர். 2.3 வரிசைக் கருவிக்கு ஜாவாக்ஸ் மட்டும்தான் தெரியும், 3.0-க்கும் 4.0-க்கும் ஜகார்த்தா மட்டும்தான் தெரியும். இதிலும் ஒரு கண்ணிவெடி இருக்கிறது: ஜகார்த்தா என்று பெயர் போட்ட ஜார் கோப்பின் 2.3 வெர்ஷனைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பழைய ஜாவாக்ஸ் பேக்கேஜ்தான். ஜாரின் பெயரை நம்பாமல் உள்ளே திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே புராஜெக்டில் பாதி ஜாவாக்ஸ், பாதி ஜகார்த்தா என்று கிடந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது டபிள்யூஎஸ்டிஎல் பிரச்சினை இல்லை, அப்ளிகேஷன் சர்வர் எந்த வெர்ஷன் என்பதோடு கட்டுண்ட மைக்ரேஷன் வேலை. ஆர்கிடெக்டிடமும் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடமும் பேசாமல் தொடவே கூடாது.

அறிகுறி: எரர் எதுவும் இல்லை, ஆனால் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பும் இல்லை

பாதிப் பேருக்கு விடை ஒரே வரி. மைனஸ் டபிள்யூஎஸ்டிஎல் என்ற ஆப்ஷனைக் கொடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் டபிள்யூஎஸ்ஜென் துணை கிளாஸ்களை மட்டும் உருவாக்கிவிட்டுச் சமர்த்தாகப் போய்விடும்.

கொடுத்தும் வரவில்லையா? மைனஸ் ஆர் என்று எந்த ஃபோல்டரைச் சொன்னீர்கள் என்று பாருங்கள், கோப்பு அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம், கருவிக்குக் கொடுக்க வேண்டியது இன்டர்ஃபேஸின் பெயரை இல்லை, அதை நிறைவேற்றும் கிளாஸின் பெயரை.

கோப்பு வந்ததும் இன்னொரு கூத்து நடக்கும். வருவது ஒரு கோப்பு இல்லை, இரண்டு: டபிள்யூஎஸ்டிஎல் ஒன்று, பக்கத்திலேயே ஸ்கீமா1 என்று முடியும் எக்ஸ்எஸ்டி (டேட்டா வகைகளை விவரிக்கும் ஸ்கீமா கோப்பு) ஒன்று. முதலாவதை மட்டும் மெயிலில் இணைத்து அனுப்புவார்கள், எதிர்த்தரப்பு "ஸ்கீமாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று திருப்பி அனுப்பும், நம் ஆள் "எனக்கு ஓடுகிறதே" என்பார். இன்லைன்ஸ்கீமாஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைக் கொடுத்தால் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். வெளியே அனுப்புவதற்கு நான் எப்போதும் அதைத்தான் போடுகிறேன்.

அறிகுறி: பாராமீட்டர் பெயரெல்லாம் ஆர்க்0, ஆர்க்1 என்று வருகிறது

என் மேசைக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒருவர் இதற்காகத்தான் வருகிறார். கோடில் கணக்கு எண், தொகை என்று அழகாகப் பெயர் வைத்திருப்பார், டபிள்யூஎஸ்டிஎல்லில் பார்த்தால் ஆர்க்0, ஆர்க்1. திரும்பி வருவதற்குப் பெயர் வெறும் ரிட்டர்ன்.

காரணம் ஒன்று: வெப்பாரம் அனோட்டேஷன் போடவில்லை. ஒவ்வொரு பாராமீட்டருக்கும் போட்டுப் பெயரைக் கொடுங்கள், திரும்புவதற்கு வெப்ரிசல்ட். பத்து நிமிஷ வேலை.

காரணம் இரண்டு: போட்டிருக்கிறீர்கள், ஆனால் தப்பான இடத்தில். கிளாஸின் மேலே உள்ள வெப்சர்வீஸ் அனோட்டேஷனில் எண்ட்பாயிண்ட்இன்டர்ஃபேஸ் என்று ஒரு இன்டர்ஃபேஸைக் காட்டியிருந்தால், கருவி அந்த இன்டர்ஃபேஸில் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். கிளாஸில் நீங்கள் கொட்டி வைத்த வெப்பாரம் எல்லாம் வீண். இப்படித்தான் ஒரு நண்பர், நல்ல அனுபவசாலி, நாற்பது மெத்தடுக்கு உட்கார்ந்து அனோட்டேஷன் எழுதிவிட்டு "கருவியே டுபாக்கூர்" என்று வந்து நின்றார். திறந்து பார்த்தால் எல்லாம் கிளாஸில், இன்டர்ஃபேஸ் காலி. வெட்டி ஒட்டினோம், அடுத்த பில்டில் பெயர்கள் வந்துவிட்டன.

இனி முக்கியமான எச்சரிக்கை. அந்த சர்வீஸை ஏற்கெனவே வெளியே யாராவது பயன்படுத்துகிறார்கள் என்றால், ஆர்க்0 என்பதைத் திருத்தாதீர்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பழைய கிளையன்ட் ஆர்க்0 என்ற பெயரில்தான் மதிப்பை அனுப்பும். நீங்கள் புதுப் பெயரை எதிர்பார்த்தால், ஜாவா ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாகவும் திருப்பியும் மாற்றும் ஜாக்ஸ்பி, தெரியாத பெயரைக் கண்டதும் சத்தம் போடாமல் தள்ளிவிட்டு உங்கள் மெத்தடுக்கு நல் (வெற்று மதிப்பு) என்று கொடுத்துவிடும். எரரே வராது. கணக்கு எண் காலியாக வந்து நிற்கும், லாகில் எல்லாம் பச்சையாக இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. திருத்தியே ஆக வேண்டும் என்றால் புது முகவரியில் புது சர்வீஸாகப் போடுங்கள், பழையது பாட்டுக்கு ஓடட்டும்.

அறிகுறி: "இன்டர்ஃபேஸை என்னால் கையாள முடியாது" அல்லது "ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இல்லை" என்று விழுகிறது

எரர் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "இந்தப் பிரச்சினை கீழ்க்கண்ட இடத்தோடு தொடர்புடையது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். குற்றவாளி கிளாஸில் தொடங்கி, அதை யார் வைத்திருக்கிறார், அவரை யார் வைத்திருக்கிறார் என்று உங்கள் சர்வீஸ் வரைக்கும் வழி காட்டியிருக்கும்.

முதல் குற்றவாளி, நீங்களே எழுதிய கிளாஸ். ஆர்க்யுமென்டோடு ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதிவிட்டு, வெறும் கன்ஸ்ட்ரக்டரை மறந்திருப்பீர்கள். ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

அடுத்து, மேப். மெத்தடின் பாராமீட்டராகவோ ரிட்டர்னாகவோ மேப்பை நேரடியாகக் கொடுத்தால் ஜாக்ஸ்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், லிஸ்ட் என்றால் ஒன்றும் சொல்லாது. சாவி, மதிப்பு என்று இரண்டு ஃபீல்டு உள்ள சின்ன கிளாஸ் ஒன்றை எழுதி, அதன் லிஸ்டை அனுப்புங்கள். மேப்பை ஒரு கிளாஸுக்குள் ஃபீல்டாக வைத்தாலும் போய்விடும். ஆனால் அதிலிருந்து வரும் ஸ்கீமா எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் முள்ளாகத்தான் இருக்கும், எனக்கு அது பிடிக்காது.

கடைசியில், லோக்கல்டேட். ஜாவா 8-இல் வந்த தேதி வகைகளை ஜாக்ஸ்பிக்குத் தானாகத் தெரியாது. எக்ஸ்எம்எல்அடாப்டர் ஒன்று எழுதி, பேக்கேஜ்-இன்ஃபோ கோப்பில் ஒரே இடத்தில் பதிந்துவிட்டால் அந்த பேக்கேஜ் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியாகப் போடாதீர்கள், ஒன்றை நிச்சயம் விட்டுவிடுவீர்கள்.

குற்றவாளி வேறொருவர் எழுதிய லைப்ரரியின் கிளாஸ் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் சொந்த கிளாஸுக்கு மதிப்புகளை மாற்றிக்கொண்டு அதை வெளியே காட்டுங்கள். டேட்டாபேஸ் கிளாஸ்களை அப்படியே சர்வீஸில் திறந்து விட்டிருந்தாலும் மருந்து இதுதான்.

அறிகுறி: சில ஃபீல்டுகள் காணோம், அல்லது எல்லாமே கட்டாயமில்லை என்று வருகிறது

காணோம் என்றால் செட்டர் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஜாக்ஸ்பி கெட்டர், செட்டர் இரண்டும் ஜோடியாக இருப்பதையும் பப்ளிக் ஃபீல்டையும்தான் எடுக்கும். கெட்டர் மட்டும் உள்ளது கணக்கில் வராது.

இதைச் சரிசெய்யப் போய், ஃபீல்டின் மேல் எக்ஸ்எம்எல்எலிமென்ட் போடுவீர்கள்; உடனே "ஒரே பெயரில் இரண்டு பிராப்பர்ட்டி" என்று இன்னொரு எரர் வரும். ஃபீல்டு ஒரு கணக்கு, கெட்டர் ஒரு கணக்கு என்று அது இரண்டாக எண்ணுகிறது. கிளாஸின் தலையில் ஆக்சஸ்டைப் என்பதை ஃபீல்டு என்று வைத்துவிட்டால் அடங்கிவிடும்.

எல்லாம் மின்-அக்கர்ஸ் (குறைந்தது எத்தனை தடவை வர வேண்டும்) பூஜ்யம் என்று வருவது பிழையே இல்லை. ஸ்ட்ரிங், இன்டீஜர் மாதிரி ஆப்ஜெக்ட் எதுவானாலும் நல் ஆக இருக்கலாம் என்பதால் கட்டாயமில்லை என்று எழுதுகிறது. சின்ன இன்ட் என்றால் கட்டாயம் என்று எழுதும். கட்டாயம் வேண்டுமானால் எக்ஸ்எம்எல்எலிமென்ட்டில் ரிக்வயர்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள், பாராமீட்டர் மேலும் இதைப் போடலாம். ஆனால் இது டபிள்யூஎஸ்டிஎல்லை மட்டும்தான் மாற்றும். அனுப்பாமல் விட்டவரை சர்வர் தானாகத் தடுக்காது, அதற்கு ஸ்கீமா வேலிடேஷனைத் தனியாக ஆன் செய்ய வேண்டும்.

அறிகுறி: டபிள்யூஎஸ்டிஎல் நன்றாகத் திறக்கிறது, உள்ளே இருக்கும் முகவரி தப்பு

முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் "ரீப்ளேஸ் வித் ஆக்சுவல் யுஆர்எல்" என்று இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், டபிள்யூஎஸ்ஜென் உங்களுக்கு விட்டுச்சென்ற குறிப்பு அது. சொன்னபடி உண்மையான முகவரியைப் போட்டுவிடுங்கள்.

ஓடும் சர்வரிலிருந்து எடுத்த கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று வந்தால், நடுவில் நின்று கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர்தான் சந்தேக நபர். சர்வர், தன்னிடம் வந்த ஹோஸ்ட் ஹெடரை (எந்த முகவரிக்கு வந்த கோரிக்கை என்று சொல்லும் வரி) பார்த்துத்தான் முகவரியை எழுதுகிறது. நடுவில் இருப்பவர் அதை மாற்றிவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? நடுவில் இருப்பது எஞ்சினெக்ஸ் என்ற சர்வர் என்றால் ஹோஸ்ட் ஹெடரை அப்படியே கடத்தச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். சிஎக்ஸ்எஃப் என்ற சோப் லைப்ரரி பயன்படுத்துகிறவர்களுக்கு பப்ளிஷ்ட்எண்ட்பாயிண்ட்யுஆர்எல் என்ற செட்டிங் இருக்கிறது, வெளி முகவரியை அதில் எழுதிவிட்டால் லோட் பேலன்சரைத் தொடவே வேண்டாம்.

கர்லில் ஹோஸ்ட் ஹெடரைக் கையால் கொடுத்து சர்வரை நேரடியாகக் கேளுங்கள். முகவரி சரியாக வந்துவிட்டால் உங்கள் பக்கம் சுத்தம். அந்த இரண்டு வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெட்வொர்க் குழுவுக்கு அனுப்புங்கள். ஆதாரம் இல்லாமல் போனால் "எங்கள் பக்கம் ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் பதில் வரும், அனுபவம்.

அறிகுறி: ஸ்வாகர் பக்கம் திறக்கவில்லை, அல்லது அப்ளிகேஷனே எழ மாட்டேன் என்கிறது

இது ரெஸ்ட் ஆட்களுக்கு. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கை வைத்துச் சொல்கிறேன்.

அப்ளிகேஷன் எழும்போதே டாக்குமென்டேஷன் பிளகின்ஸ் பூட்ஸ்ட்ராப்பர் என்று ஒரு நீளமான பெயரும் நல் பாயிண்டரும் சேர்ந்து வந்தால், நீங்கள் இன்னும் ஸ்வாகர் பக்கம் தயாரிக்கும் பழைய லைப்ரரியான ஸ்பிரிங்ஃபாக்ஸை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதன் கடைசி வெர்ஷன் 3.0.0 வந்தது 2020-இல். ஸ்பிரிங் பூட் 2.6-இல் பாதை பொருத்தும் முறையை மாற்றியதும் அது விழுந்துவிட்டது. மேட்சிங் ஸ்ட்ராடெஜியைப் பழைய ஆன்ட் முறைக்குத் திருப்பினால் இப்போதைக்கு எழும். ஆனால் பூட் 3 போகும்போது எப்படியும் கைவிட்டுத்தான் ஆக வேண்டும், அதே வேலையைச் செய்யும் ஸ்பிரிங்டாக்குக்கு மாறிவிடுங்கள். பூட் 3-க்கு ஸ்பிரிங்டாக் 2 வரிசை. ஸ்டார்ட்டர் என்று பெயரில் வருவதை எடுங்கள். பூட் 3.4-க்கு ஏறிய பிறகு கன்ட்ரோலர்அட்வைஸ்பீன் பெயரைச் சொல்லி "அப்படி ஒரு மெத்தட் இல்லை" என்று விழுந்தால் ஸ்பிரிங்டாக்கை 2.7-க்கோ அதற்கு மேலோ ஏற்றுங்கள், வேறு எதையும் தேட வேண்டாம்.

பக்கம் 401 அல்லது 403 என்றால் செக்யூரிட்டி செட்டிங். ஸ்வாகர் பக்கத்தின் பாதையைத் திறந்துவிட்டு, வி3 ஏபிஐ-டாக்ஸ் பாதையை மறந்திருப்பீர்கள், இரண்டும் வேண்டும். திறக்கும்போது புரொடக்‌ஷனிலும் திறக்கிறோமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் "சரியான வெர்ஷன் ஃபீல்டு இல்லை, இதைக் காட்ட முடியாது" என்று சிவப்பில் சொல்கிறதா? இது கொஞ்சம் சுவாரஸ்யமானது. ஏபிஐ-டாக்ஸ் பாதையை நேராகக் கர்லில் இழுத்துப் பாருங்கள். நெளிவு அடைப்புக்குறியில் தொடங்க வேண்டிய ஜேசான், மேற்கோள் குறியில் தொடங்கி, இடைவெளியே இல்லாமல் புரியாத எழுத்துகளாக நீண்டுகொண்டே போனால் அது பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக்கும் முறை). யாரோ மெசேஜ் கன்வர்ட்டர் பட்டியலைத் தாங்களே எழுதி, பைட்அரே கன்வர்ட்டரை விட்டுவிட்டார்கள். ஸ்பிரிங்டாக் பைட்டுகளாகக் கொடுத்ததை, ஜேசான் எழுதும் லைப்ரரியான ஜாக்சன் வாங்கி இப்படிச் சுற்றிவிட்டது. அந்தக் கன்வர்ட்டரைப் பட்டியலின் முதலில் சேர்த்தால் போதும். அப்படி இல்லாமல் ஜேசான் ஒழுங்காக வந்து, ஆனால் ஸ்டேட்டஸ், டேட்டா என்று ஒரு உறைக்குள் இருந்தால், எல்லாப் பதிலையும் உறையில் போடும் ரெஸ்பான்ஸ்பாடிஅட்வைஸ் ஒன்று உங்கள் புராஜெக்டில் இருக்கிறது, ஏபிஐ-டாக்ஸை அதிலிருந்து விலக்குங்கள்.

அறிகுறி: ஸ்வாகரில் வேறொரு சர்வீஸின் ஃபீல்டுகள் வந்து நிற்கின்றன

ஒரே பெயரில் இரண்டு கிளாஸ், வேறு வேறு பேக்கேஜில். ஆர்டர் தொகுதியில் ஒரு முகவரி கிளாஸ், பில் தொகுதியில் ஒரு முகவரி கிளாஸ் என்று இருந்தால், ஸ்பிரிங்டாக் சின்னப் பெயரை மட்டும் பார்ப்பதால் ஒன்று மற்றதை அழித்துவிடும். ஒன்றுக்கு ஸ்கீமா அனோட்டேஷனில் வேறு பெயர் கொடுங்கள். நிறைய இருந்தால் யூஸ்-எஃப்கியூஎன் செட்டிங்கை ட்ரூ ஆக்குங்கள், பெயர்கள் ரயில் நீளத்துக்குப் போகும், ஆனால் சரியாக இருக்கும்.

அறிகுறி: பக்கம் பக்கமாக ஜாவாடாக் எழுதினேன், ஒரு வரி கூட வெளியே வரவில்லை

வராது. ஜாவாடாக் என்பது கோடில் எழுதும் விளக்கக் கமென்ட், கமென்ட் எதுவும் கிளாஸ் கோப்புக்குள் போவதில்லை. ஸ்பிரிங்டாக் 2 வரிசையில் தெராப்பி லைப்ரரியும், கம்பைல் நேரத்தில் கமென்டைப் பிடித்து வைக்கும் அதன் பிராசசரும் சேர்ந்தால்தான் வரும். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு வரவில்லை என்று வருபவர்கள் அதிகம். சோப்பில், சிஎக்ஸ்எஃப் என்றால் டபிள்யூஎஸ்டிஎல்டாக்குமென்டேஷன் அனோட்டேஷன் இருக்கிறது. மூலக் கோடையே படித்துத் தனி ஆவணம் தயாரிக்க எனன்சியேட் என்றொரு கருவி உண்டு.

அறிகுறி: யாரும் சர்வீஸைத் தொடவில்லை, டபிள்யூஎஸ்டிஎல் மட்டும் மாறிவிட்டது

யாரோ தொட்டிருப்பார்கள். முதலில் பேக்கேஜ் பெயர். டார்கெட்நேம்ஸ்பேஸை (எக்ஸ்எம்எல் பெயர்கள் எந்த சர்வீஸைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) நீங்கள் கொடுக்காவிட்டால், கருவி பேக்கேஜ் பெயரைத் திருப்பிப் போட்டு நேம்ஸ்பேஸ் ஆக்கிக்கொள்ளும். ஒருவர் கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளாஸை வேறு பேக்கேஜுக்கு நகர்த்தினால் போதும், வெளியே இருக்கும் எல்லா கிளையன்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். மருந்து: பழைய நேம்ஸ்பேஸை அனோட்டேஷனில் வெளிப்படையாக எழுதி வைப்பது. சர்வீஸ் அனோட்டேஷனில் மட்டும் இல்லை, டேட்டா கிளாஸ்கள் இருக்கும் பேக்கேஜ்-இன்ஃபோவிலும்.

நேம்ஸ்பேஸ் அப்படியே இருந்து எலிமென்ட்களின் வரிசை மட்டும் மாறியிருந்தால், ஜாவா வெர்ஷன் மாறியதா என்று கேளுங்கள். கிளாஸில் உள்ள மெத்தட்களை இந்த வரிசையில்தான் கொடுப்பேன் என்று ஜாவா எந்தக் காலத்திலும் உறுதி சொன்னதில்லை. 7-க்கு மாறியபோதே பலருக்கு இது வரிசையைக் குலைத்தது. எக்ஸ்எம்எல்டைப்பில் பிராப்ஆர்டர் எழுதி வரிசையைக் கட்டிப்போடுங்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள், டாட்நெட் கிளையன்ட்களில் சில வகை வரிசை மாறி வந்த எலிமென்ட்டைப் பேசாமல் காலி என்று எடுத்துக்கொள்ளும், அங்கேயும் எரர் வராது.

மாறிய கோப்பு ஏற்கெனவே வெளியே போய், சிலர் புதியதை வைத்தும் சிலர் பழையதை வைத்தும் கிளையன்ட் எடுத்துவிட்டார்கள் என்றால், இதற்கு மேல் நீங்கள் தனியாகச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு முகவரியில் இரண்டு வெர்ஷன் ஓட வேண்டும், எது எவ்வளவு நாள் என்பதை மேலாளரும் எதிர்த்தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது பழைய டபிள்யூஎஸ்டிஎல்லையும் புதியதையும் டிஃப் எடுத்து அச்சிட்டுக் கொண்டு போங்கள். எங்களுக்கு அப்படி ஒரு கூட்டம் நடந்த பிறகுதான், கடைசியாக வெளியே போன டபிள்யூஎஸ்டிஎல்லை கிட் ரெப்பாசிட்டரியில் வைத்து, ஒவ்வொரு பில்டிலும் புதியதோடு ஒப்பிட்டு, ஒரு எழுத்து மாறினாலும் பில்டை நிறுத்தும் வேலையைச் சேர்த்தோம். வாரத்துக்கு ஒரு தடவை யாராவது அதைத் திட்டுகிறார்கள்.